கம்மல் கணக்கு எழுதிய கடற்படைத் தலைவர்

பெண்கள் காதில் போடும் கம்மலால் ஒரு சாம்ராஜ்யத்தின் கஜானா காலியாகுமா?

ஆகும் என்று சொன்னார் ஒருவர். வாய்ச் சொல்லோடு நிற்கவில்லை. ஆண்டுக்கு எவ்வளவு பணம் போகிறது, எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்று தொகை போட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அந்தக் கணக்கில் நம் நாட்டின் பெயர்தான் முதலில் நிற்கிறது.

அவர் பெயர் பிளினி. ரோமாபுரி சாம்ராஜ்யத்தின் கடற்படைத் தலைவர். பெரிய படிப்பாளி. இறந்து சுமார் 1,950 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய சகோதரி மகனுக்கும் பிளினி என்ற பெயர் வந்துவிட்டபடியால், இவரை மூத்த பிளினி என்று சொல்வது வழக்கம்.

ரோமாபுரிப் பெண்களின் நகைக்கும், சேலம், நாமக்கல், கரூர், காங்கயம் பக்கத்து மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள இந்த மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரிக்கரைப் பிள்ளை

இத்தாலி நாட்டின் வடக்கே, ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் கோமோ என்ற ஊர் இருக்கிறது. அழகான பெரிய ஏரியின் கரையில் உள்ள ஊர். அங்கே கி.பி. 23-லோ 24-லோ பிளினி பிறந்தார்.

வசதியான குடும்பம். ரோமாபுரியில் மேல்சபை உறுப்பினர்களுக்கு அடுத்தபடியில் ஒரு வகுப்பு இருந்தது. குதிரை வீரர் வகுப்பு என்று பெயர். அதில் சேர வேண்டுமானால் 4 லட்சம் செஸ்டர்ஸ் சொத்து இருக்க வேண்டும். பிளினியின் குடும்பம் அந்த வகுப்பைச் சேர்ந்தது.

செஸ்டர்ஸ் என்பது ரோமாபுரிக் காசு. அதன் மதிப்பு நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் ரோமாபுரிக் காலாட்படைச் சிப்பாய்க்கு ஒரு வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

வாலிப வயதில் பிளினி பட்டாளத்தில் சேர்ந்தார். ஜெர்மனி எல்லையில் குதிரைப் படை அதிகாரியாக இருந்தார். அங்கேயும் பேனா சும்மா இருக்கவில்லை. குதிரை மேலிருந்து ஈட்டி எறிவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். பிறகு, செத்துப்போன ஒரு தளபதி கனவில் வந்து, தன்னை உலகம் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். உடனே ஜெர்மனி யுத்தங்களின் சரித்திரத்தை 20 பாகங்களாக எழுத ஆரம்பித்துவிட்டார்! கனவுக்கே இப்படியென்றால் மற்றதைக் கேட்பானேன்?

நீரோ மன்னனுடைய கொடுங்கோல் ஆட்சி நடந்தது. வாயைத் திறந்தால் தலை போகும் காலம். அப்போது பிளினி இலக்கணப் புத்தகம் எழுதிக் காலத்தை ஓட்டினார். இலக்கணத்தில் ராஜத்துரோகம் கண்டுபிடிக்க முடியாதல்லவா?

கி.பி. 69-இல் வெஸ்பாசியன் சக்கரவர்த்தியானார். பிளினிக்கு நல்ல காலம் பிறந்தது. ஸ்பெயின் முதலான மாகாணங்களில் வரவு செலவு பார்க்கும் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கடைசியில், நேப்பிள்ஸ் வளைகுடாவில் மிசேனம் என்ற துறைமுகத்தில் கடற்படைத் தலைவர் ஆனார்.

குளிக்கும்போதும் படிப்பு

பிளினி எப்படி வாழ்ந்தார் என்பதை அவருடைய மருமகன் ஒரு கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறான்.

நடுச்சாமம் கழிந்ததும் எழுந்துவிடுவார். விளக்கேற்றிப் படிப்பார். பொழுது விடியுமுன் சக்கரவர்த்தியைப் பார்க்கப் போவார். சக்கரவர்த்தியும் இரவில் வேலை பார்க்கிறவர்தான். ஆபீஸ் வேலை முடிந்து வீடு வந்தால் மறுபடி படிப்பு. வெயிலில் படுத்திருப்பார், பக்கத்தில் ஒருவன் புத்தகம் படித்துச் சொல்வான். சாப்பிடும்போது ஒருவன் படிப்பான். குளித்துவிட்டு உடம்பைத் துடைக்கும்போதும் ஒருவன் படிப்பான். பல்லக்கு நாற்காலியில் தெருவில் போகும்போது கூடவே எழுத்தன் வருவான். குளிர்காலத்தில் எழுத்தன் கை விறைத்துப் போகாமலிருக்க அவனுக்குக் கையுறை வேறு மாட்டிவிட்டிருந்தார்.

ஒருமுறை படிக்கிறவன் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தான். விருந்துக்கு வந்த நண்பர் அவனை நிறுத்தித் திருத்தினார். பிளினிக்குக் கோபம் வந்துவிட்டது. சொல் புரிந்துவிட்டதே, நிறுத்துவானேன், அதற்குள் பத்து வரி படித்திருக்கலாமே என்று நண்பரைக் கடிந்துகொண்டார். மருமகன் தெருவில் நடந்து போனால்கூட அவருக்குப் பொறுக்காது. பல்லக்கில் போனால் அந்த நேரத்தில் படிக்கலாம் என்பார். நம் ஊரில் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமனைப் பார்த்திருக்கிறோம். இவர் வேறு மாதிரித் தாய்மாமன்!

இப்படிப் படித்துப் படித்து 160 குறிப்பேடுகள் சேர்த்தார். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிய ஏடுகள். ஸ்பெயினில் இருந்தபோது ஒருவர் அவற்றை 4 லட்சம் செஸ்டர்ஸுக்கு விலைக்குக் கேட்டார். பிளினி கொடுக்கவில்லை.

அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்ததுதான் இயற்கை வரலாறு என்ற பெருநூல். மொத்தம் 37 பாகங்கள். சுமார் 2,000 ஏடுகளைப் படித்து, 20,000 செய்திகளைத் திரட்டியதாக அவரே சொல்லிக்கொள்கிறார். கி.பி. 77-இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸுக்கு அதைக் காணிக்கையாக்கினார். வானம், பூமி, மிருகம், மீன், மரம், மருந்து, உலோகம், ரத்தினம் எல்லாம் அதில் உண்டு. கட்டுக்கதைக்கும் குறைவில்லை. இந்தியாவில் நாய்த் தலை உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கப்பல்காரர்கள் விட்ட கதையை நம்பிவிட்டார் போலும். ஆனால் தாம் கண்ணால் பார்த்ததை எழுதும்போது பிளினி தப்புவதில்லை. நகைகளை அவர் கண்ணால் பார்த்தார்.

சிப்ளாக்கட்டைக் கம்மல்

உடம்பின் ஒவ்வோர் அங்கத்தையும் பற்றிச் சொல்லி வருகிற பிளினி, காதுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். ரோமாபுரிப் பெண்கள் வேறு எந்த அங்கத்துக்கும் காதுக்குச் செலவழிக்கிற அளவு செலவழிப்பதில்லை என்று குறைப்படுகிறார். கூடவே ஓர் அதிசயச் செய்தி. கிழக்கு நாடுகளில் ஆண்கள்கூடக் காதில் பொன் அணிவதை அழகாக நினைக்கிறார்களாம்! கடுக்கன் போட்ட நம் பாட்டன்மார்களுக்கு இது அதிசயமாகத் தோன்றியிருக்காது. ரோமாபுரியில் கம்மல் என்றால் பெண்கள் சமாசாரம்.

அங்கே எல்லாவற்றிலும் உயர்ந்த நகை முத்துத்தான். அதை ஒற்றையாகத் தொங்கவிட்டால் போதாது. இரண்டு மூன்று முத்துக்களைச் சேர்த்துக் காதில் தொங்கவிட்டார்கள். நடக்கும்போது முத்தும் முத்தும் உரசிக் கலகலவென்று சத்தம் வரும். பஜனையில் அடிக்கும் சிப்ளாக்கட்டை போன்ற தாளக் கருவி ஒன்று அங்கே உண்டு. அதன் பெயரையே அந்தக் கம்மலுக்கும் வைத்துவிட்டார்கள். குரோத்தாலியா என்பது அந்தப் பெயர். பார்வைக்கு மட்டுமல்ல, காதுக்கும் விருந்து!

பணக்காரப் பெண்களோடு இந்த ஆசை நிற்கவில்லை. ஏழைப் பெண்களும் முத்துக்கு ஏங்கினார்கள். பெரிய அதிகாரி தெருவில் போனால் முன்னே ஒரு டவாலி சேவகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவான். ஒரு முத்து இருந்தால் பெண்ணுக்கு அதுவே டவாலி சேவகன் என்று அவர்கள் பேசிக்கொள்வார்களாம். செருப்பு வாரிலும் முத்துத் தைத்தார்கள். முத்தை அணிவது போய், முத்தின் மேல் நடக்கிற காலம் வந்துவிட்டதே என்று பிளினி வயிறெரிகிறார்.

4 கோடி நகை

லோல்லியா பாலினா என்று ஒரு சீமாட்டி. காயஸ் கலிகுலா என்ற பைத்தியக்காரச் சக்கரவர்த்திக்கு கி.பி. 38-இல் கொஞ்ச காலம் மனைவியாக இருந்தவள். அவளைப் பிளினி நேரில் பார்த்தார்.

அது ராஜாங்க விழா அல்ல. ஏதோ ஒரு வீட்டில் சாதாரண நிச்சயதார்த்த விருந்து. அதற்கு அவள் வந்த கோலத்தைப் பாருங்கள். தலையில், கூந்தலில், காதில், கழுத்தில், விரலில் எங்கும் பச்சைக்கல்லும் முத்தும் மாறி மாறிக் கோத்து மின்னின. மொத்த மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ்! யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு ரசீதுகளையும் தயாராக வைத்திருந்தாள்.

இப்போது அந்தச் சிப்பாயின் சம்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 44,000 சிப்பாய்கள் ஒரு வருஷம் எல்லையில் வெயிலிலும் பனியிலும் நின்று வாங்கும் கூலி, ஒரு பெண்ணின் உடம்பில் ஒரு மாலைப்பொழுது மின்னியது.

அதுவும் புருஷன் போட்ட நகையல்ல. பாட்டன் சொத்து. பாட்டன் மார்க்கஸ் லோல்லியஸ் கிழக்கு நாடுகளில் அதிகாரம் செய்தபோது அங்கிருந்த அரசர்களிடம் லஞ்சம் வாங்கிக் குவித்தவன். கடைசியில் குட்டு வெளிப்பட்டு, விஷம் குடித்துச் செத்தான். பேத்தி விளக்கொளியில் மினுக்குவதற்குத்தானா இத்தனை என்று பிளினி கேட்கிறார்.

பேத்தியின் முடிவும் நன்றாக இல்லை. கி.பி. 49-இல், கிளாடியஸ் சக்கரவர்த்தியின் மனைவி அக்ரிப்பினா இவள் மேல் பொறாமை கொண்டு குற்றம் சாட்டினாள். லோல்லியா நாடு கடத்தப்பட்டாள். பிறகு உயிரை விடும்படி கட்டாயப்படுத்தப்பட்டாள்.

கரைந்துபோன முத்து

எகிப்து ராணி கிளியோபாத்ராவின் முத்துக் கதையை அனேகர் கேட்டிருப்பார்கள். அந்தக் கதையை விரிவாக எழுதி வைத்தவர் பிளினிதான்.

ராணியிடம் இரண்டு பெரிய முத்துக்கள் இருந்தன. உலகத்திலேயே பெரியவை. காதில் அணிந்திருந்தாள். ஒரே விருந்தில் 1 கோடி செஸ்டர்ஸ் செலவழித்துக் காட்டுகிறேன் என்று ரோமாபுரித் தளபதி அந்தோணியிடம் பந்தயம் கட்டினாள். பிளாங்கஸ் என்பவன் நடுவன். விருந்து வந்தது. வழக்கமான சாப்பாடுதான். அந்தோணி சிரித்தான். ராணி ஒரு கிண்ணம் காடி கொண்டுவரச் சொன்னாள். காதிலிருந்து ஒரு முத்தைக் கழற்றி அதில் போட்டாள். கரைத்துக் குடித்துவிட்டாள்! மற்றக் காதிலும் கை வைத்தாள். பிளாங்கஸ் பாய்ந்து தடுத்து, ராணி ஜெயித்துவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னான்.

முத்து காடியில் கரையும் என்பது நிஜம்தான். ஆனால் கிண்ணத்தில் போட்டவுடன் சர்க்கரை மாதிரி கரையாது. அதிக நேரம் பிடிக்கும். கதையில் கொஞ்சம் மிளகாய் கூடியிருக்கலாம்.

தப்பிய முத்து என்ன ஆயிற்று? ராணி இறந்த பிறகு அதை ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாக வெட்டினார்கள். பாந்தியன் கோயிலில் வீனஸ் தேவி சிலையின் இரண்டு காதுகளுக்கும் கம்மலாகப் போட்டார்கள். ராணியின் ஒற்றைக் காதுக்கு அணி, தேவியின் இரு காதுக்கும் போதுமானதாக இருந்தது!

ஆண்டுக்கு 10 கோடி

இந்தியா, சீனா, அரேபியா ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் ரோமாபுரியிலிருந்து 10 கோடி செஸ்டர்ஸைக் கொண்டுபோகின்றன. அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் நாம் கொடுக்கும் விலை இது என்கிறார் பிளினி. இந்தியாவுக்கு மட்டும் 5 கோடி என்று இன்னோர் இடத்தில் சொல்கிறார். அங்கிருந்து வரும் சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றும் புலம்புகிறார்.

நம் தென்னாட்டைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். செங்கடல் வாயிலிருந்து தென்மேற்குப் பருவக் காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறித் துறைமுகம் சேரலாம் என்று எழுதுகிறார். பாண்டியன், அவனுடைய மதுரை, சேர அரசன் எல்லோரும் அவர் நூலில் உண்டு. ஒரு ராத்தல் கறுப்பு மிளகின் விலை அங்கே 16 செஸ்டர்ஸ். சிப்பாய்க்கு ஆறு நாள் கூலிக்கு மேல்!

முத்து எங்கிருந்து போயிற்று? மன்னார் வளைகுடாவிலிருந்தும் போயிற்று. கொற்கையில் பாண்டியனுடைய முத்துச் சலாபத்தில் குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்று அதே காலத்துக் கிரேக்க வணிகர் ஒருவரின் கடல் வழிப் புத்தகம் சொல்கிறது. மூச்சைப் பிடித்துக் கடலில் மூழ்கியவன் கைதி. அந்த முத்தைக் காதில் ஆட்டிக்கொண்டு விருந்துக்குப் போனவள் சீமாட்டி.

கொங்குநாட்டுக் கல்

முத்து பாண்டிநாட்டுச் சரக்கு. நம் கொங்குநாட்டுச் சரக்கு கல்.

பெரில் என்று ஒரு ரத்தினக் கல் உண்டு. கடல் தண்ணீரைப் போல வெளிறிய நீலப் பச்சை நிறம். இது இந்தியாவில் விளைகிறது, வேறிடங்களில் அரிது என்கிறார் பிளினி. பெரில் என்ற சொல்லே வேளூரிய என்ற நம் நாட்டுப் பிராகிருதச் சொல்லிலிருந்து போனது. நாம் இப்போது பூனைக்கண் கல்லுக்குச் சொல்லும் வைடூரியம் என்ற பெயரும் அந்தச் சொல்லின் இனம்தான்.

அந்தக் கல்லைப் பற்றிப் பிளினி சொல்லும் விவரம் ஒரு பத்தர் சொல்வதைப் போல இருக்கிறது. ஆறு பட்டையாகச் சீவித் தீட்டினால்தான் ஒளி வரும். இல்லையென்றால் மங்கித் தெரியும். இந்தியர்களுக்கு நீளமான கல் என்றால் உயிர். இந்தக் கல்லுக்குப் பொன் கட்டடம் வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். ஆகையால் துளை போட்டு யானை மயிரில் கோத்துக்கொள்கிறார்கள். மிக நல்ல கல்லாக இருந்தால் துளைக்காமல், இரண்டு முனையிலும் பொன் பூண் போடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறார். மரகதமும் பெரிலும் ஒரே இனம் என்று பலர் நினைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்றைய கனிமச் சாஸ்திரமும் இரண்டும் ஒரே கனிமம்தான் என்கிறது. பூமிக்குள் அது படிகமாக விளையும்போதே ஆறு பட்டையாகத்தான் விளைகிறது. நாய்த் தலை மனிதரை நம்பியவர் இதில் சரியாக நின்றார்!

அந்தக் கல் கிடைத்த இடங்களில் பேர்போனது காங்கயத்துக்குப் பக்கத்தில் உள்ள படியூர். அங்கிருந்து அதிக தூரமில்லை, நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று நகைக்குப் பேர் சொல்லும் ஊர் அதுதான் என்கிறார்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். பெரில், நீலம், செவ்வந்திக்கல், சூதுபவளம், பளிங்கு எல்லாம் வந்தன. முடிந்த மணியும், பாதி தீட்டிய மணியும், துளை போடும்போது உடைந்த மணியும், எறிந்த சில்லுகளும் கிடந்தன. அதாவது அது கல் தீட்டும் பட்டறை ஊர்.

சேலம், நாமக்கல் பக்கமும் கல்லுக்குப் பஞ்சமில்லாத பூமி. பரமத்தி பக்கத்தில் உள்ள சித்தம்பூண்டிப் பாறையில் சிவப்புக் குருந்தக்கல் உண்டு. (சந்திரனில் இறங்கும் வண்டியைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று தேடிய நம் விண்வெளி விஞ்ஞானிகள், இந்தப் பாறையைத்தான் அரைத்துக்கொண்டு போனார்கள்!) நாமக்கல் பக்கமிருந்து காவிரியைத் தாண்டினால் கரூர். சேரர்களின் பெரிய நகரம். கொங்குநாட்டுச் சரக்கு கரூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி மேற்குக் கடலுக்குப் போயிற்று.

காசு காசுமாலையாயிற்று

பிளினி சொன்ன பணம் நிஜமாகவே இங்கே வந்ததா?

வந்தது. மண்ணுக்குள் இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமாபுரி வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் அகப்பட்டன. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காகுறிச்சியில் 1898-இல் 501 பொற்காசுகள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் காசுகள் வந்துகொண்டே இருந்தன. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியிலும் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன. அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் தலை போட்ட காசுகள்தான் நம் நாட்டுப் புதையல்களில் அதிகம். டைபீரியஸ் காலத்தில் பிளினி பள்ளிப் பிள்ளை.

வேடிக்கை என்னவென்றால், இங்கே வந்த காசெல்லாம் காசாகவே இருக்கவில்லை. இந்தியாவில் கிடைத்த ரோமாபுரிக் காசுகளில் சிலவற்றில் துளை இருக்கிறது. சிலவற்றின் தலையில் வளையம் பற்ற வைத்திருக்கிறது. கழுத்தில் கோத்துத் தொங்கவிடுவதற்காக! பொற்காசு கிடைக்காதவர்கள் அதே மாதிரி அச்சில் சுட்ட மண் பதக்கம் செய்து போட்டுக்கொண்டார்கள். அங்கே ஒரு பெண்ணின் காதுக்காக வெளியே போன பணம், இங்கே இன்னொரு பெண்ணின் கழுத்தில் ஏறிக்கொண்டது. பிளினிக்கு இது தெரிந்திருந்தால் இன்னொரு பாகம் எழுதியிருப்பார்.

குற்றம் பெண்கள் மேல் மட்டுமா?

இங்கே பிளினியோடு கொஞ்சம் வழக்காட வேண்டியிருக்கிறது.

ரோமாபுரியில் பெண்கள் நகையைப் பிடிக்காத ஆண்கள் எப்போதுமே உண்டு. ஹானிபாலோடு யுத்தம் நடந்தபோது, கி.மு. 215-இல், ஒரு சட்டம் போட்டார்கள். எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் பொன் வைத்திருக்கக் கூடாது. யுத்தம் முடிந்தது. ஆண்கள் தங்கள் ஊதா அங்கியை மறுபடி போட்டுக்கொண்டார்கள். பெண்களின் சட்டம் மட்டும் போகவில்லை. கி.மு. 195-இல் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுப் போடப் போகிறவர்களை வழிமறித்து முறையிட்டார்கள். கேட்டோ என்ற பெரியவர் எவ்வளவோ எதிர்த்துப் பேசியும் சட்டம் ரத்தாயிற்று.

முத்து மோகத்தை ரோமாபுரிக்குக் கொண்டுவந்தது யார்? பெண்ணல்ல. பாம்பே என்ற மகா சேனாபதி. கி.மு. 61-இல் அவன் நடத்திய வெற்றி ஊர்வலத்தில் முத்தாலேயே செய்த அவனுடைய உருவப்படம் போயிற்று. இதை எழுதி வைத்தவரும் பிளினிதான். மிளகு தின்றவர்கள் ஆண்கள் இல்லையா? விரலுக்கு விரல் மோதிரம் போட்டவர்கள் ஆண்கள் இல்லையா? அதையும் அவரே கண்டித்திருக்கிறார். ஆனால் மொத்தக் கணக்குப் போடும்போது பெண்கள் பெயர்தான் பேனா முனைக்கு வருகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கிழக்கிலிருந்து வரும் சரக்கு எல்லாவற்றுக்கும் ரோமாபுரி அரசாங்கம் நாலில் ஒரு பங்கு சுங்கம் வாங்கிற்று. பிளினிக்கு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏடு அகப்பட்டு, 1985-இல் அச்சாயிற்று. முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றி வந்த சரக்கின் கணக்கு அது. வாசனைத் திரவியமும் தந்தமும் அந்தச் சரக்கில் அடக்கம். மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். ஒரே ஒரு கப்பல்! சுங்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, கம்மலும் மிளகும் கொண்டுவந்து சேர்த்த பணம்தான்.

மலை வெடித்தது

கி.பி. 79. பிளினிக்கு வயது 55 இருக்கும். மிசேனம் துறைமுகத்தில் சகோதரியோடும் அவளுடைய மகனோடும் இருந்தார். மருமகனுக்கு வயது 17. ஆகஸ்டு 24 என்றுதான் அந்த நாளை நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2018-இல் பொம்பேயி நகரத்துச் சுவரில் கரியால் எழுதிய ஒரு தேதி வெளிப்பட்டது. அது முதல், அக்டோபர் மாதமாக இருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள்.

பகல் சாப்பாடு முடிந்து பிளினி படித்துக்கொண்டிருந்தார். வளைகுடாவுக்கு அப்பால் விசித்திரமான மேகம் எழும்புகிறது என்று சகோதரி வந்து சொன்னாள். செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்த்தார். மேகம் நெட்டையாக வளர்ந்து, உச்சியில் மரம் போலக் கிளை விரித்தது. வெசூவியஸ் மலை வெடித்துவிட்டது!

கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சிறு படகு ஒன்றைத் தயார் செய்யச் சொன்னார். மருமகனையும் கூப்பிட்டார். அவன் தான் படிக்க வேண்டியது இருக்கிறது என்று தங்கிவிட்டான். மாமா கொடுத்த வீட்டுப் பாடம் அவன் உயிரைக் காத்தது.

புறப்படும் சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. மலையடிவாரத்தில் வீடுள்ள ரெக்டினா என்ற பெண், கடல் வழியைத் தவிர வேறு வழியில்லை, காப்பாற்றுங்கள் என்று எழுதியிருந்தாள். வேடிக்கை பார்க்கக் கிளம்பியவர் நினைப்பு மாறிற்று. சிறு படகை விட்டுவிட்டு, பெரிய போர்க் கப்பல்களை இறக்கச் சொன்னார். அந்தக் கரையில் ஜனங்கள் நெருக்கமாக இருந்தார்கள். ஏற்ற முடிந்தவரை ஏற்றலாம் என்று தாமே கப்பலேறினார். எல்லோரும் ஓடி வருகிற திசையை நோக்கி அவர் போனார்.

கப்பலில் சாம்பல் விழுந்தது. பிறகு சுட்ட கல் விழுந்தது. அந்த நேரத்திலும் கண்டதையெல்லாம் எழுத்தனிடம் சொல்லி எழுதச் சொன்னார். கரை கல்லால் மூடிக்கொண்டபடியால் அங்கே இறங்க முடியவில்லை. மாலுமி திரும்பலாம் என்றான். பிளினி கேட்கவில்லை. ஸ்டாபியே என்ற ஊரில் பொம்போனியானஸ் என்ற நண்பர் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே கப்பலை விட்டார்.

நண்பர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தைரியம் வருவதற்காகவே பிளினி குளித்தார், சாப்பிட்டார், படுத்துத் தூங்கினார். குறட்டை வெளியே கேட்டதாம். இரவில் முற்றம் சாம்பலாலும் கல்லாலும் நிரம்பிக் கதவை அடைக்கப் பார்த்தது. எழுப்பினார்கள். வீடு ஆடியது. தலையணைகளைத் தலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள். பொழுது விடிந்தும் இருட்டு. கடல் கொந்தளித்தது, கப்பலை எடுக்க முடியவில்லை. பிளினி கரையில் ஒரு துணியை விரித்துப் படுத்தார். குளிர்ந்த தண்ணீர் கேட்டு இரண்டு முறை குடித்தார். கந்தக நெடி வந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். இரண்டு அடிமைகள் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றவர், அப்படியே விழுந்தார்.

இரண்டு நாள் கழித்து வெளிச்சம் வந்தபோது உடலைக் கண்டெடுத்தார்கள். காயமில்லை. தூங்குகிறவர் போலக் கிடந்தார். சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் கேட்டுக்கொண்டபடி மருமகன் பின்னால் எழுதிய கடிதத்தில் இவ்வளவும் இருக்கிறது.

கரையில் காத்திருந்தவள்

அந்த வளைகுடாவிலேயே ஹெர்குலேனியம் என்று இன்னோர் ஊர். அதுவும் புதைந்துபோயிற்று. 1980-க்குப் பின் அந்த ஊர்ப் பழைய கடற்கரையைத் தோண்டினார்கள். படகுக் கொட்டகைகளில் சுமார் 300 பேருடைய எலும்புகள் இருந்தன. கடல் வழியாகத் தப்பலாம் என்று ஓடி வந்து காத்திருந்தவர்கள். பிளினியின் கப்பல்கள் போய்ச் சேர முடியாத கரை அது.

1982-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அகப்பட்டது. நடுத்தர வயது. விரல் எலும்பில் கல் பதித்த இரண்டு பொன் மோதிரங்கள். பக்கத்தில் இரண்டு பொன் காப்புகள். ஒரு ஜோடித் தோடு. பெயர் தெரியாது. மோதிரப் பெண் என்றே அவளைச் சொல்கிறார்கள்.

பொம்பேயியில் 1938-இல் வேறொரு பெண் கிடைத்தாள். இவள் தந்தப் பொம்மை. ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். இந்தியாவில் கடைந்து கப்பலேறிப் போனவள். முழங்கை வரைக்கும் வளையல், காலில் கனத்த தண்டை, கழுத்தில் மாலை, இடுப்பில் மேகலை. பிளினியைக் கொன்ற சாம்பல்தான் அவளையும் மூடி 1,850 வருஷத்துக்கு மேல் காப்பாற்றிற்று. இப்போது நேப்பிள்ஸ் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் நிற்கிறாள். நகை ஒன்றும் குறையவில்லை.